முதலில் பிளக்கைக் கழற்று!

(இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் மன்றச் செயலாளர் கேட்டபோது, "கவிதையெல்லாம் நமக்கு வராதுப்பா" என்று நழுவப் பார்த்தேன். "கவிதை ஏற்கெனவே நாற்பது வந்து கிடக்கு. நீ வேற ஏதாவது எழுது" என்றார். ஆகவே நண்பர்களே, நீங்கள் தப்பித்தீர்கள்! எனக்கு அனுபவப்பட்டுத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். அது ஒரு விரல் நீளச் சாமான். ஸ்பார்க் பிளக். அதைக் கழற்றிப் பார்க்காமல் விட்டதால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

எங்கள் ஊர் கோவில்பட்டி. கடலை மிட்டாய்க்குப் பேர்போன ஊர். 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்பாவுக்கு அந்த மிட்டாயை நம்பித்தான் பிழைப்பு. அவர் மிட்டாய் போடுகிறவர் அல்ல. போட்ட மிட்டாயை டப்பா டப்பாவாக ஏற்றிக்கொண்டு, கழுகுமலை போகிற ரோட்டில் உள்ள ஊர்களின் பெட்டிக்கடைகளுக்குப் போடுகிறவர். சுற்றி வர நாளைக்கு ஐம்பது கிலோமீட்டர் ஆகும். வண்டி ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட், 70 சி.சி. நான் சின்ன வகுப்பில் படிக்கும்போது வாங்கியது. என் அட்மிஷன் பீஸ், டிராஃப்டர், மெஸ் பில் எல்லாமே அந்த வண்டி ஓடிச் சம்பாதித்த காசு.

சென்ற ஆண்டு செமஸ்டர் லீவில் வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே, "வண்டி பெட்ரோல் ரொம்பக் குடிக்கிதுல. முந்தி லிட்டருக்கு அம்பது ஓடும். இப்ப நாப்பதுகூட வரமாட்டேங்கு" என்றார். எனக்கு ஒரே உற்சாகம்! ஃப்யூவல் சிஸ்டம் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியிருந்தேன். பெட்ரோல் ஒரு கிலோ முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், சக்தி அதிகம் வேண்டுமென்றால் 12.5 முதல் 13 வரை, சிக்கனம் வேண்டுமென்றால் 15.5, 16 என்று லீனாகப் போகலாம் என்று வைவாவில் மூச்சு விடாமல் ஒப்பித்தவன் நான். "எப்பா, நாளைக்குச் சாயங்காலம் வண்டியை என்கிட்ட விடுங்க. சரி பண்ணிருதேன்" என்றேன்.

மறுநாள் மூன்று வேலை செய்தேன். ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். கரிசல் மண் தூசி அடைத்து அட்டை மாதிரி இருந்தது. கழுவிக் காயவைத்து மாட்டினேன். கார்ப்பரேட்டரில் மெயின் ஜெட்டை எடுத்துவிட்டு, இரண்டு நம்பர் சின்ன ஜெட் வாங்கிப் போட்டேன். ஏர் ஸ்குரூவையும் கொஞ்சம் வெளியே திருகினேன். வண்டியை ஸ்டாண்டில் போட்டு முறுக்கிப் பார்த்தேன். சும்மா ஜம்மென்று இருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்க்கவில்லை. வண்டிதான் ஸ்டார்ட் ஆகிறதே, பிளக்கில் என்ன பார்க்க இருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு வாரம் வீட்டில் எனக்கு ராஜ மரியாதை. லிட்டருக்கு ஐம்பத்து நாலு கிடைத்தது! அப்பா கடை கடையாக, "என் மகன் செஞ்சது" என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மா மீன் குழம்பு வைத்தாள்.

பத்தாம் நாள். ஆடிக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மேற்கே மலையிலிருந்து இறங்கி, மரமில்லாத கரிசல் காட்டில் தடையில்லாமல் வரும். கழுகுமலைக்குப் போகும்போது அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். முழு லோடு, முழு ஆக்ஸிலேட்டர், எதிர்காற்று. பாதி வழியில் வண்டி 'கிர்ர்' என்று இறுகி நின்றுவிட்டது. கிக்கர் அசையவில்லை. அப்பா லோடோடு வண்டியை நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறார், தெரிந்த குட்டியானை ஒன்று எதிரே வரும் வரைக்கும்!

அன்று சாயங்காலம் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணாச்சியின் பட்டறையில் நின்றோம். முப்பது வருஷமாக டூ ஸ்ட்ரோக் பார்க்கிறவர். சிலிண்டரை இறக்குவார் என்று பார்த்தேன். அவர் முதலில் பிளக் ஸ்பேனரைத்தான் எடுத்தார். பிளக்கைக் கழற்றி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையில் வைத்தார். மூக்கில் இருக்கும் பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. அதன்மேல் கடுகைவிடச் சின்னதாக வெள்ளி நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஏதோ ஒட்டியிருந்தது.

"இது என்னன்னு தெரியுதா தம்பி?"

"தெரியலை அண்ணாச்சி."

"உங்கப்பா வண்டிப் பிஸ்டன்."

அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்று எனக்குத் தெரியும், மெட்டலர்ஜி பேப்பரில் எழுதியிருக்கிறேன். அதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

அண்ணாச்சி திட்டவில்லை. "ஒரு வாரமா இது சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கும். நீதான் கேக்கலை" என்றார். அப்போது அப்பா மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு மூணு நாளா மேடு ஏறயில கிணிகிணின்னு ஒரு சத்தம் வந்துச்சு. இழுவையும் இல்ல. நான் காத்துன்னு நெனச்சேன். படிச்ச பிள்ளை செஞ்சிருக்கான், சரியாத்தான் இருக்கும்னு ஓட்டிட்டேன்."

நண்பர்களே, அந்தக் கடைசி வாக்கியத்தை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. பதினைந்து வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறவருக்கு அதன் சத்தம் மாறியது கேட்டிருக்கிறது. என் படிப்பின்மேல் இருந்த மதிப்பால் தன் காதை அவரே நம்பாமல் விட்டுவிட்டார்.

சிலிண்டரை லேத் பட்டறையில் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆனது. வண்டி தயாராகும் வரை பத்து நாள் அப்பா டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனார். நான் அந்தப் பத்து நாளும் அண்ணாச்சி பட்டறையில் கிடந்தேன். பாதி, கூலியைக் கழிக்க, பாதி, கற்றுக்கொள்ள.

நான் செய்த தப்பு என்ன?

முதல் தப்பு: மைலேஜ் குறைந்ததற்குக் காரணம் தேடாமல் ஜெட்டை மாற்றியது. காரணம் தூசி அடைத்த ஃபில்டர். காற்றுக்கு மூச்சு முட்டியதால் கலவை ரிச் ஆகி, பெட்ரோல் வீணாகியிருக்கிறது. அன்றே பிளக்கைக் கழற்றியிருந்தால் கரி படிந்து கறுப்பாக இருந்திருக்கும். ஃபில்டரைக் கழுவியதோடு வேலை முடிந்தது! நானோ காற்றையும் கூட்டி, பெட்ரோலையும் குறைத்துவிட்டேன். ஒரே நேரத்தில் மூன்று மாற்றம் செய்தால் எது எதைச் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது தப்பு: புத்தகத்தைப் பாதி படித்தது. 16-க்கு 1 என்கிற சிக்கனக் கலவை, பாதி ஆக்ஸிலேட்டரில் லேசான சுமையோடு போகும்போது சரி. மெயின் ஜெட் வேலை செய்வதோ முக்கால் ஆக்ஸிலேட்டருக்கு மேலே. அங்கே இன்ஜினுக்கு ரிச்சான கலவைதான் வேண்டும். அந்தக் கூடுதல் பெட்ரோல்தான் உள்ளே சூட்டைத் தணிக்கிறது. சிக்கனம் பார்க்கக் கூடாத இடத்தில் போய் நான் சிக்கனம் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் போகிறது. எங்கள் வண்டிக்கு லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் கூடவே குறையும். சூடு கூடும் நேரத்திலேயே மசகும் குறைந்தால் பிஸ்டன் என்ன செய்யும் பாவம்!

நான்காவது, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி முறுக்கிப் பார்த்தது. லோடு இல்லாத இன்ஜின் எந்தக் குறையையும் காட்டாது. அப்பாவுக்கு வண்டி ஓடுவது ஸ்டாண்டில் அல்ல, ஆடிக் காற்றில்!

பிளக்கைப் படிப்பது எப்படி?

எரிகிற அறைக்குள்ளேயே மூக்கை நீட்டிக்கொண்டிருப்பது பிளக். உள்ளே நடப்பதெல்லாம் அதன் பீங்கான்மேல் பதியும். அந்தப் பீங்கான் நுனி சுமார் 500 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படிகிற கரியைத் தானே எரித்துச் சுத்தமாகும். 850 டிகிரி பக்கம் போனால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே அந்தச் சூட்டிலேயே கலவை பற்றிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் அது இருக்கிறதா என்றுதான் நாம் பார்க்கிறோம்.

காபி நிறம் அல்லது பிஸ்கட் நிறம்: கலவை சரி. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் எரிவதால் கொஞ்சம் கூடுதல் பழுப்பாக, பால் குறைந்த காபி மாதிரி இருக்கும்.

உலர்ந்த கறுப்பு, விரலில் கண்மை மாதிரி ஒட்டும் கரி: ரிச். ஃபில்டர் அடைப்பு, முழுசாகத் திறக்காத சோக், பெரிய ஜெட், கார்ப்பரேட்டரில் மிதவை மட்டம் கூடியது என்று வரிசையாகப் பாருங்கள்.

ஈரமான கறுப்பு, எண்ணெய்ப் பிசுக்கு: டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் கூடுதல். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்து ஆயில் மேலே ஏறுகிறது. இதற்கு ஜெட்டைத் திருகிப் பயனில்லை. பெட்ரோல் வாசனையோடு நனைந்திருந்தால் ஸ்பார்க் வரவில்லை, அல்லது ஃப்ளட் ஆகியிருக்கிறது.

வெள்ளை, கொப்புளம், தேய்ந்த எலக்ட்ரோடு: மிஞ்சிய சூடு. லீன் கலவை இருக்கலாம். கார்ப்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கேஸ்கட் வழியாகக் காற்று புகலாம். இக்னிஷன் டைமிங் முன்னால் போயிருக்கலாம். பிளக்கே சரியாக இறுகாமல் இருந்தாலும் சூடு வெளியேற வழியில்லாமல் வெள்ளையாகும்.

வெள்ளிப் பொட்டு: வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மேற்கொண்டு சொல்ல எனக்குத் தெம்பில்லை!

பிளக்கின் ஹீட் ரேஞ்ச் மாறியிருந்தாலும் நிறம் பொய் சொல்லும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடக் கூட 'கோல்டு' பிளக். பாஷ் பிளக்கில் எண் கூடக் கூட 'ஹாட்' பிளக். கம்பெனி மாற்றி வாங்கும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் தலைகீழாகிவிடும். வைவாவில் கேட்டாலும் கேட்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள்.

எப்போது கழற்றுவது?

அண்ணாச்சி எனக்குச் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது இதுதான். வீட்டு வாசலில் ஐந்து நிமிஷம் ஐடிலிங்கில் ஓடிய பிளக்கைக் கழற்றினால் ஐடிலிங்கின் நிறம்தான் தெரியும். ரோட்டில் நடந்தது தெரியாது. எந்த நிலையைச் சோதிக்கிறோமோ அந்த நிலையிலேயே இன்ஜினை அணைக்க வேண்டும்.

1. வண்டியை நன்றாகச் சூடேற்றிக்கொள்ளவும். வழக்கமான லோடு ஏற்றிக்கொள்ளவும். புது பிளக், அல்லது நன்றாகச் சுத்தம் செய்த பிளக்கைப் போட்டுக்கொள்ளவும். போக்குவரத்து இல்லாத நேரான ரோடு முக்கியம்.

2. முழு ஆக்ஸிலேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, ஆக்ஸிலேட்டரைக் குறைக்காமலேயே இக்னிஷனை அணைக்கவும். அதே நொடியில் கிளட்சைப் பிடிக்கவும். மொபெட்டில் கிளட்ச் லீவர் கிடையாது. இன்ஜின் வேகம் இறங்கியதும் சென்ட்ரிஃப்யூகல் கிளட்ச் தானே விலகிவிடும். உருண்டு போய் ஓரமாக நிற்கவும்.

3. இன்ஜின் ஆறட்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டில் மரை போய்விடும், கையும் வெந்துவிடும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது நேரே சிலிண்டருக்குள் போகும்.

4. நுனியை மட்டும் பார்க்காதீர்கள். பீங்கான் உள்ளே போய் முடிகிற அடிப்பாகத்தில் ஒரு வளையம் தெரியும். மெயின் ஜெட்டின் கதையை அதுதான் சொல்லும். டார்ச்சும் பூதக்கண்ணாடியும் இருந்தால் நல்லது.

5. பாதி ஆக்ஸிலேட்டரில் குறை இருந்தால் நீடில் கிளிப். கிளிப்பை மேல் வெட்டுக்கு மாற்றினால் நீடில் இறங்கி லீன் ஆகும், கீழ் வெட்டுக்கு மாற்றினால் ரிச் ஆகும். கால் ஆக்ஸிலேட்டருக்குள் குறை என்றால் பைலட் ஜெட், ஏர் ஸ்குரூ.

6. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். எப்போதும் ரிச் பக்கத்திலிருந்து தொடங்கி லீனை நோக்கி வரவும். ரிச்சாக இருந்தால் பிளக்தான் கெடும், போனால் நூறு ரூபாய். லீனாக இருந்தால் என்ன கெடும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

காபி நிறம்

புது பிஸ்டன் பழகும்வரை லோடு ஏற்றாமல் மெதுவாக ஓட்டினோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பழைய மெயின் ஜெட்டையே திரும்பப் போட்டு, கழுவிய ஃபில்டரோடு, மிட்டாய் டப்பா லோடும் ஏற்றிக்கொண்டு கழுகுமலை ரோட்டுக்குப் போனோம். நான் வண்டியில். அப்பா பின்னால் அண்ணாச்சியின் பைக்கில்.

முதல் தடவை பிளக் லேசாகக் கறுத்திருந்தது. கை துறுதுறுத்தது. அண்ணாச்சி, "அவசரப்படாத. சுத்தம் பண்ணி இன்னொரு தடவை போ" என்றார். இரண்டாவது தடவை அடி வளையம் பழுப்பு, நுனி கொஞ்சம் கறுப்பு. நீடில் கிளிப்பை ஒரே ஒரு வெட்டு மேலே மாற்றினோம். மூன்றாவது தடவை ரோட்டோரப் பனைமரத்தடியில் கழற்றிப் பார்த்தபோது முழுசாகக் காபி நிறம்! அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இப்படித்தான் இருக்கணுமால?" என்றார். "இப்படித்தான் இருக்கணும்ப்பா. இனிமே சத்தம் மாறுனா என்கிட்ட கேக்காதீங்க, இதைக் கழட்டிப் பாருங்க" என்றேன்.

இப்போது லிட்டருக்கு நாற்பத்தெட்டு கிடைக்கிறது. நான் கொண்டுவந்த ஐம்பத்து நாலைவிடக் குறைவுதான். அந்த ஐம்பத்து நாலுக்கு நாங்கள் கொடுத்த விலை உங்களுக்குத் தெரியும்.

"இந்தக் காலத்தில் கார்ப்பரேட்டர் ஏது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்மைதான். 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.-6 வந்த பிறகு வருகிற பெரும்பாலான வண்டிகளில் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன்தான். சைலன்சரில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சொல்ல, ஈ.சி.யூ. கலவையைத் திருத்திக்கொள்கிறது. ஆனால் அதற்கு முன் வந்த வண்டிகள் எத்தனை இன்னும் ஓடுகின்றன என்று நம் காலேஜ் வாசல் ஸ்டாண்டிலேயே எண்ணிப் பாருங்கள். அவற்றுக்கு இப்போது வேறொரு சோதனையும் வந்திருக்கிறது. 2025-இல் நாடு முழுவதும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை முன்னைவிட லீனாகும். ஆக, பழைய வண்டிக்காரர்கள் பிளக்கைப் பார்க்க வேண்டிய தேவை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஒரு எச்சரிக்கை: ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. இன்றைய பெட்ரோலில் ஃபோர் ஸ்ட்ரோக் பிளக் பழைய புத்தகப் படங்களில் இருப்பதைவிட வெளிறித்தான் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து ஜெட்டை மாற்றிவிடாதீர்கள். அதே வண்டியின் பழைய பிளக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நண்பர்களே! நாம் டிப்ளமோ முடித்து வெளியே போகும்போது நம் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்து, "படிச்ச பிள்ளை, சரியாத்தான் செய்வான்" என்று நம்பி ஒதுங்கி நிற்க எத்தனையோ பேர் இருப்பார்கள். அந்த நம்பிக்கை ரொம்பப் பெரியது, ஆபத்தானதும்கூட. நாம் தப்பாகத் திருகினாலும் அவர்கள் நம்மைக் கேட்க மாட்டார்கள். அதனால் திருகுவதற்கு முன்னால் இன்ஜினிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அதை ஓட்டுகிறவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்கப்புறம் புத்தகத்தைத் திறக்கலாம்.

அப்பா இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார். பார்த்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போன் போடுவார். நலமா, சாப்பிட்டாயா என்பதெல்லாம் பிறகுதான்.

"ஏலே, இந்த மாசமும் காப்பிதான்!"